ஓவியக் கல்லூரிக் கண்காட்சிக்கும் பட்டறைக்கும் முதல்முறை போகிறவருக்கு

"அங்கெல்லாம் நம்மை உள்ளே விடுவாங்களா?" ஓவியக் கல்லூரியில் கண்காட்சி நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். விடுவார்கள். கண்காட்சி நாட்களில் பொதுவாக டிக்கெட் கிடையாது, உடைக் கட்டுப்பாடு கிடையாது, ஓவியம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. வாசலில் காவலர் கேட்டால் "எக்ஸிபிஷன் பார்க்க வந்தேன்" என்று சொன்னால் போதும்.

நான் இங்கே சென்னையை வைத்துத்தான் சொல்லப் போகிறேன். எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே, ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கிறது அரசு கவின் கலைக் கல்லூரி. 2013இல் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது வருகிறது. கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியும் அப்படியே. முதலமைச்சரே வேந்தராக இருக்கும் பல்கலைக்கழகம் அது. ஆட்டோக்காரரிடம் இவ்வளவு நீளப் பெயரெல்லாம் சொல்ல வேண்டாம். ஓவியக் கல்லூரி என்றாலே தெரியும்.

செய்தி எங்கே கிடைக்கும்?

இதுதான் முதல் சிக்கல். மாணவர் கண்காட்சிகளுக்குப் பெரிய விளம்பரம் இருக்காது. நாளிதழில் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியில் இரண்டு வரி வந்தால் அதிகம். நம்பத் தகுந்த வழிகள் மூன்று. கல்லூரி வாசலிலும் துறைகளின் சுவரிலும் ஒட்டியிருக்கும் போஸ்டர் ஒன்று. கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாடமியின் அறிவிப்புப் பலகை இன்னொன்று. மூன்றாவது மாணவர்களின் இன்ஸ்டாகிராம். இருப்பதிலேயே இதுதான் வேகம். ஒரு மாணவரைப் பின்தொடர்ந்தால் போதும், அவர் வகுப்பில் இருக்கும் எல்லோருடைய நிகழ்ச்சியும் வந்து சேர்ந்துவிடும்.

அழைப்பிதழ் கையில் கிடைத்ததும் திறப்பு விழா நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். "பார்வை நேரம்" என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதுதான் முக்கியம். கடைசி நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலையில் போனால் படங்களைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். திறப்பு விழா அன்று போவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பொன்னாடை, குத்துவிளக்கு, மேடைப் பேச்சு, தேநீர் எல்லாம் இருக்கும். படங்களுக்கு முன்னால் ஆட்களின் முதுகுதான் தெரியும். வார நாளில், மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிவாக்கில் போய்ப் பாருங்கள். கூடம் காலியாக இருக்கும், படம் வரைந்தவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கத்தோடு போராடிக்கொண்டிருப்பார். உங்களைப் பார்த்ததும் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும்.

அழைப்பிதழில் இன்னொன்றையும் கவனியுங்கள்: அது யாருடைய கண்காட்சி? இறுதியாண்டு மாணவர்களின் ஆண்டுக் கண்காட்சி என்றால், நான்கு வருட இளங்கலைப் (பி.எஃப்.ஏ.) படிப்பில் அல்லது இரண்டு வருட முதுகலைப் (எம்.எஃப்.ஏ.) படிப்பில் அவர்கள் எங்கே வந்து சேர்ந்தார்கள் என்று தெரியும். கல்வியாண்டு முடியும் சமயத்தில் வரும். ஆசிரியர் கண்காட்சி வேறு விதம். முகாம் முடிவில் வைக்கும் கண்காட்சி என்றால் சில நாட்களில் வரைந்த படங்கள், அதற்கேற்ற எதிர்பார்ப்போடு போக வேண்டும். பிளஸ் டூ முடித்து இந்தப் படிப்பில் சேர யோசிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஆண்டுக் கண்காட்சிக்கு அழைத்துப் போங்கள். விண்ணப்பக் கையேட்டில் தெரியாதது அங்கே ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் கொஞ்சம் நில்லுங்கள்

செங்கல் சிவப்புக் கட்டடங்களும் பழைய மரங்களும் இருக்கும் அந்த வளாகத்தை நேரே கடந்து கூடத்துக்குள் போய்விடாதீர்கள். 1850இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தனியாகத் தொடங்கிய பள்ளி இது. இரண்டு வருடத்தில் அரசு எடுத்துக்கொண்டது. அப்போது இது ஓவியர்களை உருவாக்குகிற இடமாக மட்டும் இல்லை. மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை எல்லாம் சொல்லிக்கொடுத்த தொழிற்பள்ளி. நம் வீட்டு அலுமினியப் பாத்திரத்துக்கும் இந்த இடத்துக்கும் உறவு உண்டு. ஆல்ஃபிரட் சாட்டர்டன் இங்கே பொறுப்பில் இருந்தபோது, 1898வாக்கில், அலுமினியத்தில் பாத்திரம் செய்யும் முயற்சியை இங்கேதான் ஆரம்பித்தார். அது பிறகு ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

1920களின் இறுதியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்தார். பள்ளியின் முதல் இந்தியத் தலைவர். மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். அதற்கு மாடலாக நின்றவர்களில் கல்லூரிக் காவலாளி ஒருவரும் உண்டு என்று சொல்வார்கள். அவருக்குப் பிறகு கே.சி.எஸ். பணிக்கர். அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து 1966இல் தொடங்கியதுதான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமம். சிற்பி தனபால், ஓவியர்கள் சந்தானராஜ், ஆதிமூலம் எல்லோரும் இந்த வளாகத்தில் நடமாடியவர்கள்தான். வரலாறு பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஆனால் கோடுகளை முதன்மையாக வைத்து வரைவதும், உலோகத்தையும் மண்ணையும் கைத்தொழிலாகவே அணுகுவதும் இங்கே ஏன் இவ்வளவு சகஜமாக இருக்கிறது என்று கூடத்துக்குள் போனதும் தோன்றும். அதற்குப் பதில் இந்தப் பழைய கதையில்தான் இருக்கிறது.

எப்படிப் பார்ப்பது?

முதலில் ஒரு சுற்று வேகமாக வாருங்கள், எதற்கும் நிற்காமல். இரண்டாவது சுற்றில் உங்களை இழுத்த மூன்று படைப்புகளுக்கு மட்டும் போய் நில்லுங்கள். நாற்பது படத்தையும் சரிசமமாகப் பார்க்க வேண்டும் என்ற கடமையுணர்ச்சியோடு போகிறவர்கள் பாதியிலேயே களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தலைப்பு, ஊடகம், அளவு, வருடம் இருக்கும். அளவில் உயரம் முதலில், அகலம் அடுத்து என்பது வழக்கம். ஊடகம் என்ற இடத்தில் அக்ரிலிக், எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் என்று இருந்தால் புரிந்துவிடும். "எட்ச்சிங்", "வுட்கட்", "லித்தோகிராஃப்" என்று இருந்தால் அது பதிப்போவியம். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். "இது பிரிண்ட்தானே? ஒரிஜினல் எங்கே?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தப் பிரிண்ட்தான் ஒரிஜினல். ஓவியரே உலோகத் தகட்டில் கீறியோ (எட்ச்சிங்), மரப்பலகையில் செதுக்கியோ (வுட்கட்), கல்லில் வரைந்தோ (லித்தோகிராஃப்), மை பூசிக் கையால் எடுத்த பதிப்பு அது. படத்துக்குக் கீழே பென்சிலில் 3/10 என்று எழுதியிருந்தால், மொத்தம் பத்துப் பிரதிகள், இது மூன்றாவது என்று பொருள். ஏ/பி என்று இருந்தால் ஓவியர் தனக்கென எடுத்துக்கொண்ட பிரதி. பல பிரதிகள் உள்ளதால், மாணவர் கண்காட்சியில் பதிப்போவியத்தின் விலை பெரும்பாலும் நம் கைக்கு எட்டும். முதன்முதலில் ஒரு படம் வாங்க நினைப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம், பேசுங்கள். கேலரியில் கிடைக்காத வசதி கல்லூரிக் கண்காட்சியில் உண்டு. செய்தவர் பக்கத்திலேயே நிற்கிறார், செய்த இடம் நாலடி தள்ளி இருக்கிறது. ஆனால் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். இருபத்தொரு வயதுப் பையனை அது சுவரோடு சேர்த்து நிறுத்திவிடும். ஏதோ மனப்பாடம் செய்த பதிலைச் சொல்வான், இருவருக்கும் சங்கடம். "இதை எப்படிப் பண்ணீங்க?" என்று கேளுங்கள். உடனே கண் விரியும். எந்த இடத்தில் தப்பாகப் போனது, எதைச் சுரண்டி எடுத்தான், பழைய கேன்வாஸ் மேலேயே ஏன் வரைந்தான் என்று கொட்டத் தொடங்குவான். நீங்கள் கேட்காமல் விட்ட அர்த்தமும் அந்தக் கதைக்குள்ளேயே வந்துவிடும். பேச்சு நன்றாகப் போனால் "உங்க ஸ்டூடியோவைப் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். துறை ஆசிரியர் அனுமதித்தால் கூட்டிப்போவார்கள். பாதி முடிந்த களிமண் தலைகளையும், மை படிந்த அழுத்தப் பொறியையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பக் கூடத்துக்கு வாருங்கள். சற்று முன்பு பார்த்த அதே படைப்புகள் வேறு மாதிரி தெரியும்.

போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். படத்தை எடுத்துப் பகிர்ந்தால் வரைந்தவர் பெயரையும் போடுங்கள்.

வாங்குவதாக இருந்தால் விலைப்பட்டியலைக் கேளுங்கள். "ஸ்டூடன்ட்தானே" என்று காய்கறிக் கடையில் பேசுவதுபோல் பேரம் பேச வேண்டாம். கேன்வாஸ், வண்ணம், சட்டம் எல்லாவற்றுக்கும் அவர் கைக்காசு போட்டிருக்கிறார். தலைப்பு, ஊடகம், அளவு, வருடம், கையெழுத்து எல்லாம் உள்ள ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் வண்ணப் படம் புதிதாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் உள்ளே முழுதாக இறுக மாதக்கணக்கில் ஆகும். முகப்பின் மேல் பிளாஸ்டிக் உறையை இறுக்கிச் சுற்றிவிடாதீர்கள்.

நேரம் மிச்சமிருந்தால் பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வரலாம். அங்கே வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை மறந்து நான் இரண்டு தடவை பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

பட்டறையில் சேரும் முன்

பட்டறை என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயங்களை அழைக்கிறார்கள். செய்து காட்டுவது ஒன்று. வல்லுநர் செய்வார், நாம் பார்ப்போம். நாமே கைபோட்டுச் செய்வது இரண்டாவது. முகாம் மூன்றாவது, ஏற்கெனவே படைப்பாளிகளாக இருப்பவர்கள் சில நாள் ஒரே இடத்தில் தங்கி வேலை செய்வது. அறிவிப்பில் எது என்று தெளிவாக இல்லையென்றால் போன் பண்ணிக் கேளுங்கள். நான் ஒருமுறை பணம் கட்டிப் போன ஒரு "செய்முறைப் பட்டறை"யில் ஐம்பது பேர், ஒரே ஒரு அழுத்தப் பொறி. இரண்டு நாளில் என் முறை வரவே இல்லை. சான்றிதழ் மட்டும் வந்தது. அன்றிலிருந்து நான் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள்?" இரண்டாவது, "பொருட்கள் கட்டணத்தில் சேர்ந்ததா?" மூன்றாவது, "செய்தது யாருக்கு?" சில முகாம்களில் ஒரு படைப்பை நடத்துகிறவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதில் தவறில்லை, ஆனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கால அளவையும் பொருளோடு சேர்த்துப் பாருங்கள். களிமண் பட்டறை இரண்டு நாள் என்றால், முடித்த கிண்ணத்தோடு வீட்டுக்குப் போக முடியாது. ஈரம் முழுக்க வற்ற ஒரு வாரம்போல் ஆகும். ஈரத்தோடு சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் நீராவியாகிப் பாத்திரத்தை வெடிக்க வைத்துவிடும். பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் பாத்திரத்தையும் சேர்த்து. முதல் சுடுகை ஏறத்தாழ 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ். பிறகு மெருகு பூசி மறுபடி சுட வேண்டும், ஸ்டோன்வேர் வகை என்றால் 1200 டிகிரிக்கு மேல். ஆக, இரண்டு நாள் களிமண் பட்டறை என்றால் மண்ணைப் பிசையவும் வடிவம் கொடுக்கவும் மட்டும்தான். அதுவே நிறைய.

மெழுகு வார்ப்புப் பட்டறை கிடைத்தால் விடாதீர்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் செய்கிற முறைதான். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணை அதன் மேல் பல பூச்சாகப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலை. உலோகம் ஊற்றும் நாள் எது என்று கேட்டு, அந்த ஒரு நாளாவது அலுவலகத்துக்கு லீவு போட்டுவிடுங்கள்.

எட்ச்சிங் பட்டறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சு, அதை ஊசியால் கீறுவது, அமிலத் தொட்டி, மை, நனைத்த தாள், அழுத்தப் பொறி என்று வரிசை போகும். தகட்டில் இருப்பது தாளில் இடவலம் மாறி விழும். இதைப் பயிற்றுநர் மூன்று முறை சொன்ன பிறகும் நான் தகட்டின் மூலையில் என் பெயரை நேராக எழுதினேன். இன்றும் வீட்டுச் சுவரில் இருக்கும் அந்தப் படத்தில் என் பெயரைப் படிக்க எதிரே கண்ணாடி பிடிக்க வேண்டும். அமிலம் பக்கம் போகும்போது கையுறை, விரல்களை மூடும் காலணி, பருத்தி உடை. துப்பட்டாவையும் நீண்ட முடியையும் கட்டிக்கொள்ளுங்கள். பழைய சட்டை ஒன்றைத் தியாகம் செய்யத் தயாராகப் போங்கள், மை போகாது.

விண்ணப்பம்

தொடக்க நிலைப் பட்டறைகளுக்குப் பெயரும் பணமும் போதும். தொழில்முறைப் பட்டறைகளுக்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து படைப்புகளின் படமும் ஒரு பக்கக் கடிதமும் கேட்பார்கள். படைப்புகளைப் படம் எடுப்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். மொட்டை மாடி வெயிலில் வேண்டாம், டியூப்லைட்டிலும் வேண்டாம். ஜன்னல் பக்கம் அல்லது திண்ணை நிழலில் வைத்து, போனைப் படத்தின் நடு உயரத்துக்கு நேரே, சாயாமல் பிடித்து எடுங்கள். சுற்றியிருக்கும் தரையையும் உங்கள் கால் விரலையும் வெட்டிவிடுங்கள். கோப்பின் பெயரில் தலைப்பு, ஊடகம், அளவு, வருடம் இருக்கட்டும்.

கடிதத்தில் "சிறு வயது முதலே ஓவியத்தில் ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து. எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். "நான் இத்தனை நாள் பேனா மையில் வரைகிறேன், என் கோடு மரத்தில் செதுக்கினால் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும்" என்பது போல, அந்தப் பட்டறையில் உங்களுக்கு என்ன வேலை என்று சொல்லுங்கள். பாதிப் பக்கம் போதும்.

கையால் செய்வதைத் தவிர, தொழில் சார்ந்த பட்டறைகளும் நடக்கும். போர்ட்ஃபோலியோ என்ற படைப்புத் தொகுப்பைத் தயாரிப்பது, விலை வைப்பது, பதிப்புரிமை போன்றவை. சலிப்பாகத் தெரியும், ஆனால் படம் விற்கத் தொடங்குகிறவர்கள் பதிப்புரிமை வகுப்பைத் தவறவிடாதீர்கள். படத்தை விற்றாலும் அதன் பதிப்புரிமை தானாக வாங்கியவருக்குப் போய்விடாது. நம் சட்டத்தில் அது ஓவியரின் ஆயுட்காலமும் அதன் பிறகு 60 வருடமும் நீடிக்கும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து "எனக்கு இதை வரைந்து கொடு" என்று வரைய வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை அவருக்கே போகலாம். இப்படிப் பிறர் கேட்டு வரைந்து கொடுக்கும் கமிஷன் வேலை எடுக்கும் மாணவர்களில் பலருக்கு இது தெரியாது. வாய்ப்பேச்சாக விடாமல், யார் பெயரில் உரிமை என்று இரண்டு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

அன்றைய நாள்

பதினைந்து நிமிடம் முன்னால் போங்கள், நல்ல மேசை கிடைக்கும். தண்ணீர், துண்டு, நோட்டு, பென்சில் கொண்டுபோங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். களிமண்ணில் நீள நகத்தோடு ஒன்றும் செய்ய முடியாது. துறையில் பல வருடமாக வேலை பார்க்கும் உதவியாளர் ஒருவர் இருப்பார், பெயர்ப் பலகையில் அவர் பெயர் இருக்காது. சூளையின் சூட்டை அதன் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அவரை "அண்ணா" என்று கூப்பிட்டுத் தேநீர் நேரத்தில் அவரோடு போய் நில்லுங்கள். பேராசிரியர் சொல்லாத பாதியை அவர் சொல்வார்.

கண்ணில் படும் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டாம். கை காலியாக இருந்தால்தான் கருவியைப் பிடிக்க முடியும். முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்து, எந்த மண், எந்தத் தாள், அமிலத்தில் எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதிவிடுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் நிமிடக் கணக்கு மறந்துவிடும்.

களிமண் பாத்திரம் செய்திருந்தால், ஈரமாக இருக்கும்போதே அடியில் குச்சியால் உங்கள் பெயரைக் கீறிவிடுங்கள். சுட்டு முடித்தபின் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லும் தேதியையும் போனில் போட்டு வையுங்கள். துறை மூலையில் ஒரு மரப்பெட்டி நிறைய, பெயர் தெரியாத, யாரும் வந்து கேட்காத கிண்ணங்கள் கிடக்கும். என்னுடைய முதல் கிண்ணமும் அப்படி ஒரு பெட்டியில்தான் இருக்கிறது. எது என்னுடையது என்று இப்போது எனக்கே தெரியாது.